கல்ச்சரில் 'ஆர்' என்று வந்தால் கெட்டுப்போனது அம்மாவின் ஜீன் அல்ல

கேரளாவின் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார்: நீர்க்கடுப்புக்கு அம்மா 5 நாள் சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், குணமானது. மூன்று மாதத்தில் மறுபடி வந்து, இப்போது யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) சிப்ரோவுக்கு நேரே 'ஆர்', அதாவது கேட்காது என்று இருக்கிறது. அம்மாவின் ஜீன் கெட்டுவிட்டதா, எங்களுக்கும் வருமா, ஒருவர் சொல்லும் 'குடல் ஜீன் டெஸ்ட்' (குடல் கிருமிகளின் ஜீனைப் பார்க்கும் சோதனை) எடுக்கலாமா?

அம்மாவின் ஜீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது கிருமியின் ஜீன். நீர்க்கடுப்பைக் கிளப்பும் ஈ.கோலை என்ற பாக்டீரியா பெரும்பாலும் நம் குடலிலிருந்துதான் வருகிறது, மாத்திரையும் சிறுநீரோடு நிற்காமல் குடலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. கிருமி பெருக ஜைரேஸ் என்ற நொதி வேண்டும், சிப்ரோ அதைத்தான் பிடித்து முடக்கும். கோடிக்கணக்கானவற்றில் ஏதோ ஒன்றில் அந்த நொதிக்கான ஜீனில் முக்கியமான இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மருந்தின் பிடி தளர்ந்துவிடும், மற்றவை செத்த இடத்தில் அது பெருகிவிடும். 2025-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் ஆரோக்கியமான 60 பேருக்கு 5 நாள்தான் சிப்ரோ கொடுத்தார்கள். பலவகைக் குடல் பாக்டீரியாக்களில் இதே ஜீன் மாறி, 10 வாரம் கழித்தும் பெரும்பாலும் மாறியபடியே இருந்தது. ஆகவே அந்த 'ஆர்' ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்டுங்கள். உங்களுக்கு வருமா என்றால், ரத்த உறவால் வராது, கை வழியாகக் கிருமி வரலாம், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

டெஸ்ட் வேண்டாம். அதைப் பார்த்து அம்மாவுக்கு மாத்திரை எழுத முடியாது, அதற்கு யூரின் கல்ச்சர் போதும். டெஸ்ட்டோடு ஒரு பவுடர் டப்பாவையும் தலையில் கட்டுவார்கள், கமிஷன் அதில்தான்.

எனக்குப் பெரிய கோபம் வேறு. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் கேரளா 'ஆபரேஷன் அம்ரித்' என்ற சோதனை நடவடிக்கையைத் தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் பழைய மாத்திரை அட்டையை ஜீப் டிரைவரிடம் கொடுத்து மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் வாங்கி வரச் சொன்னால் வந்துவிடுகிறதே! சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று இல்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள், டிரைவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

உங்கள் மனைவிக்கும் பயத்தில் கல்ச்சர் எடுத்து, தொந்தரவே இல்லாமல் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இல்லையென்றால் மருந்து வேண்டாம், ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆனால் அவர் கர்ப்பமாக இருந்தால் இது அப்படியே தலைகீழ். கர்ப்பிணிக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் அந்தக் கிருமிக்கு மருந்து கொடுத்தாக வேண்டும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறிவிடலாம். நாள் தள்ளிப்போயிருந்தால், தள்ளிப்போகவில்லை என்று நினைத்தாலும் சந்தேகம் இருந்தால், முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். ஆம் என்றால் இந்த வாரமே கல்ச்சர் ரிப்போர்ட்டோடு மகப்பேறு டாக்டரைப் பாருங்கள், அம்மாவுக்கு மீந்த சிப்ரோவைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், மருந்து முடிந்த பிறகு இன்னொரு கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.