கேள்வி நேரம்: எண்ணுவதை நிறுத்தாத பேராசிரியர்

அமெரிக்கப் பள்ளிகளில் நிலவும் இனப் பிரிவினையை அறுபதுகளிலிருந்து ஆராய்ந்து வரும் பேராசிரியர் கேரி ஆர்ஃபீல்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கல்வியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். மனசுக்கு நெருக்கமான விஷயம்.

1954-லேயே தீர்ப்பு வந்துவிட்டதே! அதற்கு மேல் ஆராய என்ன இருந்தது?
*கல்லூரி மாணவி, திருச்சி*

அந்தக் கேள்வியில்தான் அவருடைய ஆராய்ச்சியே தொடங்குகிறது, அம்மா. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பது சட்டவிரோதம் என்று 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். எப்போதைக்குள் மாற்ற வேண்டும் என்று மறு ஆண்டு சொல்லியிருக்க வேண்டும். கெடு எதுவும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். தென் மாநிலங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) பாருங்கள். 180 பேருக்காகக் கட்டிய, கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல், தார் பூசிய காகிதம் சுற்றிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு வேர்க்கும், தள்ளி இருந்த பிள்ளைக்கு நடுங்கும். 1951-இல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அந்த வழக்கும் பிரவுன் வழக்கோடு சேர்ந்தது, அவர்கள் பக்கம் வென்றது. கவுண்டி என்ன செய்தது தெரியுமா? 1959-இல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள், சிலர் தேவாலயங்களில் நடந்த வகுப்புகளுக்குப் போனார்கள், பலருக்குப் படிப்பே நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு 1964-இல் பள்ளிகளைத் திறக்க வைக்கும்வரை ஐந்து ஆண்டுகள் இதே கதை.

தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகும், தெற்கில் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளில் படித்த கறுப்பின மாணவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அப்புறம் 1964-இன் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. பாகுபாடு காட்டும் இடத்துக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்றது. 1965-இல் பள்ளிகளுக்கு மத்திய அரசுப் பணம் பெரிய அளவில் வரத் தொடங்கியது. கையில் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடுங்கவும் முடியும் என்றானதும் கதவுகள் திறந்தன. ஆர்ஃபீல்ட் 1969-இல் வெளியிட்ட முதல் நூல் இந்தக் கதையைத்தான் அலசுகிறது. 1988 வாக்கில் நூற்றுக்கு இரண்டு என்பது நாற்பத்து மூன்றைத் தாண்டியிருந்தது.

பிரிவினையை எப்படி அளப்பார்கள்? அது உணர்வு சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா?
*கணித ஆசிரியர், தஞ்சாவூர்*

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஓர் ஊரில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் கறுப்பினப் பிள்ளைகள் 90 பேர், வெள்ளைப் பிள்ளைகள் 10 பேர். மற்றதில் அப்படியே நேர்மாறு. மொத்த ஊரையும் பார்த்தால் சரிபாதி. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளில் 90 பேர் தங்கள் பள்ளியில் நூற்றுக்குப் பத்து வெள்ளைப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், 10 பேர் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பார்க்கிறார்கள். சராசரி எடுங்கள், 18 வரும். ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு.

இந்த வகைக் கணக்கை அவர் நாடு முழுவதற்கும் திரும்பத் திரும்பப் போட்டார். 1996-இல் கிறிஸ்டோபர் எட்லியுடன் சேர்ந்து ஹார்வர்டில் சிவில் உரிமைத் திட்டம் என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 2007-இல் அது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. நாடே இந்தப் பேச்சை விட்டுவிட்ட காலத்திலும் அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய கொடை அதுதான்.

ஓர் ஆட்சேபமும் உண்டு. மொத்த மாணவர்களில் வெள்ளையரின் பங்கு குறைந்துவருவதால், பிரிவினை கூடாவிட்டாலும் இந்த எண் தானாக இறங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் ஒரே அளவுகோலை வைத்து முடிவு கட்டக் கூடாது. அவரும் இனத்தோடு நிறுத்தாமல் பள்ளியில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார். இரண்டும் ஒரே கட்டடத்தில் குவியும்போது, அனுபவமுள்ள ஆசிரியர்கள் அங்கே தங்குவதில்லை, மேல்நிலைப் பாடங்களும் குறைந்துபோகின்றன.

பக்கத்தில் பள்ளி இருக்க, இனம் கலந்து படிக்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பஸ்ஸில் தூரத்துக்கு அனுப்பியது கொடுமைதானே?
*இல்லத்தரசி, சேலம்*

பிரவுன் வழக்கின் லிண்டா பிரவுனுக்கு வீட்டுக்கு அருகிலேயே சம்னர் பள்ளி இருந்தது. அது வெள்ளையருக்கு. அவள் ரயில் தண்டவாளப் பகுதியைக் கடந்துபோய்ப் பஸ் பிடித்து வேறு பள்ளிக்குப் போனாள். அந்தப் பஸ்ஸை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. 1974-இல் பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் ஏறிவந்த பஸ்கள் மீது கல் விழுந்தது. பிரச்சினை பஸ் இல்லை, அம்மா.

மிக மோசமாகப் பிரிந்து கிடப்பது மிசிசிப்பிதானே?
*வாசகர், நாகர்கோவில்*

இல்லை. ஆர்ஃபீல்டின் மையம் 2014-இல் வெளியிட்ட அறிக்கைப்படி நியூயார்க் மாநிலம்.

தெற்கில் நாற்பத்து மூன்றுக்கு மேல் ஏறிய எண் ஏன் இறங்கியது?
*வழக்கறிஞர், மதுரை*

உங்கள் துறைதான் காரணம், ஐயா. 1974-இன் மில்லிகன் வழக்கை எடுத்துப் படியுங்கள். டெட்ராய்ட் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் தங்கிவிட்டார்கள், வெள்ளைக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்விட்டன. நகருக்குள் மட்டும் கலந்து பயனில்லை என்று கீழ் நீதிமன்றம் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் திட்டத்தில் சேர்த்தது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. பிரவுன் வழக்கில் வக்கீலாக நின்று வென்ற தர்குட் மார்ஷல் அப்போது நீதிபதி. மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், சொத்து வரி குறைவாக வரும் ஏழை மாவட்டத்தின் பள்ளிக்குப் பணம் குறைவது அரசியலமைப்புக்கு எதிரானதல்ல என்று ரோட்ரிகஸ் வழக்கில், அதே 5-க்கு 4-இல், சொல்லியிருந்தார்கள். ஆக எல்லையைத் தாண்டிப் பிள்ளையும் போக முடியாது, பணமும் வராது. 1991-க்குப் பிறகு, பிள்ளைகளைக் கலந்து சேர்க்கச் சொன்ன பழைய நீதிமன்ற ஆணைகளிலிருந்தும் மாவட்டங்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. தெற்கில் 43-ஐத் தாண்டியிருந்த எண் 2011-இல் 23-க்கு வந்துவிட்டது.

கலந்து படித்ததால் உண்மையிலேயே பலன் இருந்ததா? கறுப்பினத்தவர் இழந்தது எதுவும் இல்லையா?
*ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கோவை*

பலன் இருந்தது. பெர்க்லியின் பொருளாதார அறிஞர் ரக்கர் ஜான்சன், அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போனது குறைந்தது, உடல்நலமும் மேம்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு நஷ்டம் ஏதும் தெரியவில்லை. பள்ளிக்குச் செலவிட்ட பணம் கூடியதும் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததும் முக்கியக் காரணங்கள்.

இழப்பும் இருந்தது, தலைமை ஆசிரியையான உங்களுக்கு அது கூடுதலாகப் புரியும். இணைப்பு என்ற பெயரில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். பிள்ளையின் குடும்பத்தையே அறிந்திருந்த ஆசிரியர்கள் அவர்கள். பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. அது அநியாயம்.

நீதிமன்றத்தில் ஒரு பக்கத்துக்காகப் பேசுகிறவர் நடுநிலை ஆய்வாளரா?
*ஆய்வு மாணவர், சென்னை*

செயின்ட் லூயிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் வழக்குகளில் அவரை நிபுணராக நியமித்தது நீதிமன்றமே. ஆனாலும் அவருக்குத் தெளிவான சார்பு உண்டு, அவர் அதை மறைப்பதில்லை. ஆய்வாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கணக்கு போட்ட விதம் வெளியே இருக்கிறதா, வேறொருவர் போட்டுச் சரிபார்க்க முடியுமா? முடிகிறது. பள்ளிகளில் பிள்ளைகளைக் கலப்பதற்காக இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்ற லூயிவில், சியாட்டில் வழக்கில் 553 சமூக அறிவியல் அறிஞர்கள் கையெழுத்திட்டு ஆய்வு முடிவுகளை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். 2007-இல் தீர்ப்பு எதிராகவே வந்தது.

தம்பி, உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அங்கிருந்து தொடங்க வேண்டாம். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் ஒவ்வொரு அரசுப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் இனவாரியாக இலவசமாகவே வெளியிடுகிறது. ஒரே ஒரு பள்ளி மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, மேலே தஞ்சாவூர் ஆசிரியருக்குச் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடையை எனக்கு எழுதுங்கள்.