பயம், கோபம், அழுகை இதெல்லாம் மனுஷனுக்கு எதுக்கு?

உணர்ச்சின்னா சுத்தி நடக்குறத மூளை சட்டுன்னு எடைபோட்டு உடம்ப தயார் பண்றது. புகை வந்தா கத்துற அலாரம் மாதிரி, சில நேரம் சும்மாவும் கத்தும், ஆனா நெஜமா தீப்பிடிக்கும்போது கத்தலன்னா உயிருக்கே ஆபத்து. பாம்பு மாதிரி ஏதோ தெரிஞ்சா யோசிக்கறதுக்குள்ள கால் பின்னாடி போயிடுது, அருவருப்பு கெட்டுப்போன சாப்பாட்ட தள்ள வைக்குது. எனக்கு இதவிட பெருசா படுறது என்னன்னா, மனுஷன் தனியா பொழைக்க முடியாத ஜீவன், அதனாலதான் குழந்தை அழுதா பெரியவங்க ஓடி வர்றாங்க, குற்ற உணர்ச்சி மன்னிப்பு கேக்க வெச்சு முறிய இருந்த உறவ ஒட்ட வைக்குது, கோபம் கூட "இதுக்கு மேல வராத"ன்னு எதிர்ல இருக்கறவங்களுக்கு சொல்ற சிக்னல்தான்.

உணர்ச்சி புத்திக்கு எதிரின்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா மூளையோட முன்பகுதி பாதிச்சு உணர்ச்சி மங்கிப்போன நோயாளிங்க அறிவு நல்லா இருந்தும் சாதாரண முடிவுக்கே திணறுனத நரம்பியல் நிபுணர் அன்டோனியோ டமாசியோ பதிவு பண்ணியிருக்கார்.