மார்த்தாண்டம் மண்டபம்: பேச்சு குழம்புவதற்கு மின்னணு அமைப்பு தீர்வாகுமா?

மார்த்தாண்டத்தில் உள்ள உங்கள் மண்டபத்தில் பேச்சு குழம்புவதைத் தீர்க்க மின்னணு ஒலியியல் அமைப்பு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்குகள் வாங்கும் ஒலியைப் பதப்படுத்திப் பல ஒலிபெருக்கிகள் வழியே திருப்பித் தரும் இந்த அமைப்பு, எதிர்முழக்கத்தை, அதாவது ஒலி நின்ற பின்னும் அது மண்டபத்தில் மோதி மோதி நீடிப்பதை, கூட்டித் தருமே ஒழியக் குறைத்துத் தராது. ஆகவே, உங்கள் மண்டபத்தில் பாடகர் குழுவின் பாட்டு இனிமையாக ஒலித்தும் பேச்சு மட்டும் குழம்புகிறது என்றால், அதை வாங்குவதால் அந்தக் குறை நீங்காது.

நீங்கள் குறிப்பிட்டுள்ள டைல்ஸ் தரையும் சிமென்ட் பூச்சுச் சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மண்டபம் காலியாக இருக்கையில் ஒரு பலூனை உடைத்து, ஒலி அடங்கும் நேரத்தைக் கைபேசியில் பதிவுசெய்து பாருங்கள். பேச்சுக்கு ஏறத்தாழ 1 நொடியும் சேர்ந்திசைக்கு 2 நொடியும் பொருந்தும். ஆள் நிறைந்தால் இந்த நேரம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முதலில் பின்சுவரில் உறிஞ்சு பலகைகளைப் பொருத்துங்கள். நம் மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும் தென்னைநார்ப் பலகையும், சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பொருத்தினால், நன்றாகவே உதவும். ஆனால் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம். அதன் பிறகு, பலகைகளால் குறைந்த எதிர்முழக்கத்தைப் பாட்டுக்காகக் கூட்ட, மின்னணு அமைப்பைப் பாட்டு நாள்களில் மட்டும் இயக்கலாம். லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசை அரங்கு எதிர்முழக்கம் போதாமல் வறட்சியாக ஒலித்ததால்தான் 1960களில் அங்கே அத்தகைய அமைப்பைச் சேர்த்தார்கள்.

அமைப்பின் ஒலிப்பெருக்கத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் குரலில் உலோக ரீங்காரம் கேட்கும். விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஏற்றவிடாதீர்கள்.