வலிக்குளிசையும் பொட்டாசியமும்

அன்புள்ள டொக்டர்,

அம்மாவுக்கு 66 வயது. நாரிப்பிடிப்புக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவா. பிறசருக்குக் கிளினிக்கில் நீர்க்குளிசை தருகிறார்கள். போன கிழமை ரிப்போட்டில் பொட்டாசியம் 2.9. கால் சோர்கிறது என்கிறா. வலிக்குளிசைதான் காரணமா? அதை நிறுத்தி இளநீர் கொடுத்தால் போதுமா?

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பொட்டாசியம் 3.5இலிருந்து 5 வரை இருக்க வேண்டும். 2.9உம் கால் சோர்வும் சேர்ந்தால் இதயத்துடிப்பு குழம்பக்கூடும். ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

டைக்ளோபெனாக் வழக்கமாகப் பொட்டாசியத்தைக் கூட்டும் மருந்து. அது சிறுநீரகத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனம் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் குறைகிறது, அதைத் தொடர்ந்து அல்டோஸ்டெரோன் என்ற ஹோமோனும் குறைகிறது. பொட்டாசியத்தைச் சலத்தோடு வெளியேற்ற வைப்பது அல்டோஸ்டெரோன்தான். பிறவியிலேயே பொட்டாசியத்தைச் சலத்தில் இழக்கிற பாட்டர் நோய்க்கு, இதே வகையைச் சேர்ந்த இண்டோமெதசினை மருந்தாகவே கொடுப்பதுண்டு. ஐபுபுரோபெனை அளவுமீறி நெடுநாள் போட்ட சிலருக்கு மட்டும் சிறுநீரக நுண்குழாய்கள் பழுதாகிப் பொட்டாசியம் மோசமாக இறங்கியிருக்கிறது.

ஆக, எனக்கு முதல் சந்தேகம் நீர்க்குளிசையில்; பல நீர்க்குளிசைகள் சலத்தோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். வாந்தி, வயிற்றோட்டம் இருந்ததா என்றும் பாருங்கள். ஆனால் பிறசர் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வலிக்குளிசையை இனிப் போடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் கொடுப்பார்கள். அம்மா வீட்டில் டைக்ளோபெனாக்கையும் தொடர்ந்தால், சிறுநீரகம் பலவீனமாயிருக்கும் பட்சத்தில் அளவு மறுபக்கம் ஏறிவிடும். அதுவும் இதயத்தை நிறுத்தக்கூடியது. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் அதை வைத்தியமாகக் கொடுக்காதீர்கள்.

வன்னியில் இது எனக்குப் பெரிய கவலை. வவுனியா மாவட்டத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. வெயிலில் வயல் வேலை செய்து, தண்ணீர் போதாமல் காய்ந்த உடம்போடு வந்து இரவில் வலிக்குளிசை போட்டால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் இன்னும் குறையும். நீர்க்குளிசையோடு லோசாட்டான், எனலாப்ரில் போன்ற பிறசர் மருந்தும் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிலும் கூட.

பாமசியில் வாங்கியது கிளினிக் கொப்பியில் இருக்காது. டொக்டருக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் குளிசை மட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நாரிநோவுக்குப் பனடோல் எவ்வளவு போடலாம், பூசுகிற மருந்து சரிவருமா என்றும் அங்கேயே கேளுங்கள்.