நன்கொடை கொடுத்தாலும் வீரர்களை ஏன் திட்டுகிறார்கள்?

கிரிக்கெட் வீரர்கள் நிவாரண நிதி கொடுத்தாலும் ஏன் திட்டு விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் தொகையைத் தொகையாகப் பார்ப்பதில்லை, கொடுத்தவரின் வருமானத்தால் வகுத்துத்தான் பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா நிவாரணத்துக்குச் சச்சின் 50 லட்சம் கொடுத்தார், 'இவ்வளவுதானா' என்றார்கள். தோனி புனேயில் ஓர் அறக்கட்டளைக்கு 1 லட்சம் கொடுத்ததாகச் செய்தி வந்ததும் கேலி கிளம்பி, கடைசியில் அவர் மனைவி சாக்‌ஷியே ஊடகங்களைக் கண்டித்து ட்விட்டரில் எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வசூல் நோட்டு வரும்போது பாருங்கள், பேனாவைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, எதிர்வீட்டுக்காரர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று தேடுவார்கள். ஆயிரம் என்றிருந்தால் 'மாடி மேல மாடி கட்டினவருக்கு ஆயிரம்தானா' என்று ஒரு முணுமுணுப்பு வரும், முணுமுணுத்தவர் எழுதுவது இருநூறு. அதேதான் இதுவும், நோட்டு மட்டும் பெரிசு.

அப்புறம் 'வரி மிச்சம் பண்ணத்தான்' என்பார்கள். இது அரைகுறைக் கணக்கு. பழைய வரி முறையில் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்த தொகை முழுவதையும் வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் 1 கோடி கொடுத்து 30 சதவீத வரி மிச்சமானால் 30 லட்சம்தான் திரும்புகிறது, மீதி 70 லட்சம் அவர் கையை விட்டுப் போனதுதானே?

இன்னொரு வேடிக்கை, 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலிய வீரர் பேட் கம்மின்ஸ் இந்தியக் கொரோனா நோயாளிகளின் ஆக்சிஜனுக்காக 50,000 டாலர் அறிவித்தபோது அவருக்குப் பாராட்டு, திட்டு நம் வீரர்களுக்கு.