முதுகில் ஒரு குண்டூசி (கடிதம்)

அன்புள்ள அம்மா,

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு. தை மாதம் தளிரெல்லாம் தீய்ந்தது போல் கருகிவிட்டது. பூச்சியைச் செல்போனில் படம் எடுத்து ஒரு வாட்ஸப் குழுவில் போட்டேன். தேயிலைக் கொசு என்றார்கள் எல்லோரும். அதில் எந்த இனம் என்பதில்தான் தகராறு. ஹெலோபெல்டிஸ் ஆன்டோனி என்றார் ஒருவர். பிராடி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தேயிலையில் வரும் தேயிவோரா என்று சாதித்தார். மூவரும் நிறத்தைக் காட்டித்தான் சண்டை போட்டார்கள். வாசலில் நிற்கும் வேம்பின் கொழுந்தும் இப்போது காய்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். இது எந்த இனம்? அப்புறம் இந்தப் பெயர்ச் சண்டையால் விவசாயிக்கு என்ன லாபம்? தேயிலைக் கொசு என்றால் கொசு, மருந்தடித்தால் தீர்ந்தது என்று விட்டுவிடக் கூடாதா?

செ.

அன்புள்ள செ.,

படத்தைப் பார்த்தேன். உங்கள் கட்டைவிரல் நகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. பூச்சி விழவில்லை.

மருந்து விஷயத்தை என்னிடம் கேட்காதீர்கள். முந்திரியை ஆராய்வதற்கு விருத்தாசலத்தில் அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்கு எட்டும் தூரம்தான். வேம்பையும் இதே பூச்சி குத்தும். கூடவே ஒரு பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். சில வருடங்களுக்கு முன் தெலங்கானாவில் சாலை நெடுக வேப்பமரங்கள் கருகியபோது இவ்விரண்டின் பெயரும்தான் அடிபட்டது. மரம் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். வெட்டிவிடாதீர்கள்.

‘கொசு என்றால் கொசு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். தம்பி, அது கொசுவே இல்லை. காலும் உணர்கொம்பும் நீளமாக இருப்பதால் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. கொசுவுக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. இது குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. உறவுமுறை பார்த்தால் கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சிதான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம். மிரிடே என்று இதன் குடும்பத்துக்குப் பெயர். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அதில் உண்டு, நாவாய்ப்பூச்சிகளில் இதைவிடப் பெரிய குடும்பம் கிடையாது. முன்சிறகின் முக்கால் பாகம் தோல் போலத் தடித்திருக்கும், நுனி மட்டும் மெல்லிய சவ்வு. சவ்வு தொடங்கும் இடத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு. அங்கே சிறகு ஒடித்துவிட்டது போலக் கீழே மடங்கும். நெல் வயலில் கதிர் நாவாய்ப்பூச்சியின் தலையில் இரண்டு பெரிய கண்களோடு உச்சியில் இரண்டு சிறு கண்களும் உண்டு. உங்கள் தோப்புப் பூச்சிக்கு அந்தச் சிறுகண்கள் இல்லை. இதெல்லாம் பத்து மடங்கு கைலென்ஸில் தெரியும். உங்கள் போனின் விலையில் எத்தனை கைலென்ஸ் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். இந்தச் சண்டையை நாற்பது வருடமாகக் கேட்டுவருகிறேன். ‘மார்பு சிவப்பு, அதனால் ஆன்டோனி. வயிறு பச்சை, அதனால் தேயிவோரா.’ தோலுரித்து ஒரு மணி நேரமே ஆன பூச்சி எதுவானாலும் வெளிறித்தான் இருக்கும். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். செத்து ஒரு வாரமானால் பச்சை மஞ்சளாகிவிடும். புடவைக் கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் கலர் பார்த்து எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறோமே, அதே கதைதான். நிறத்தை முதல் சந்தேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்புக்கு ஆகாது. தீர்ப்புக்கு வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் காய்ச்சி, சதை கரைந்தபின் மிஞ்சும் கெட்டித் தகடுகளைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்குள் வளையம் போன்ற தகடு. ஆணுக்குள் முள் வைத்த சிறு தகடு. அரைநாள் வேலை, கண் எரியும். குழுவில் போட்டால் லைக் விழாது.

எனக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. முதுகலை விலங்கியல் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஆளுக்கொரு பூச்சி கொடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரையச் சொன்னார். எனக்கு வந்தது முக்கோண அட்டை நுனியில் பசை வைத்து ஒட்டிய ஒரு பூச்சி, அரை அங்குலம்கூட இராது. பார்த்தால் முதுகின் நடுவில் யாரோ ஒரு நுண்ணூசியைக் குத்தி வைத்திருந்தார்கள். நிமிர்ந்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, உச்சியில் கடுகைவிடச் சிறிய குமிழோடு, அச்சு அசலாகக் குண்டூசி. சின்னப் பூச்சியை ஊசியால் குத்தாதே, அட்டையில் ஒட்டு என்று அதற்கு முந்தின வாரம்தான் அவர் எங்களைத் திட்டியிருந்தார். எந்தத் தடிமாடு செய்த வேலையோ என்று நினைத்துக்கொண்டு, உதவி செய்வதாக, இடுக்கியால் அந்த ஊசியைப் பிடுங்கினேன். டக்கென்று வந்துவிட்டது. படத்தை அழகாக வரைந்து, அடியில் பெயரும் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். “பெல்டிஸ் இருக்கு. ஹெலோ எங்கேம்மா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கிரேக்கத்தில் ஹெலோஸ் என்றால் ஆணி, பெல்டே என்றால் சிறு கேடயம். மார்புக்குப் பின்னால் சிறகுகளுக்கிடையே இருக்கும் முக்கோணத் தகடுதான் அந்தக் கேடயம். அதன்மேல் முளைத்து நிற்கும் முள்தான் ஆணி. பாரிசில் இருந்த பூச்சியியலாளர் சின்யோரே 1858இல் இலங்கையிலிருந்து போன பூச்சியைப் பார்த்து இந்தப் பேரினத்தையே அந்த ஆணிக்காகத்தான் உண்டாக்கினார். உலகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஹெலோபெல்டிஸ்கள் உண்டு, பெரும்பான்மை ஆப்பிரிக்காவில். அத்தனைக்கும் இந்தக் குண்டூசிதான் பேரின அடையாளம். நான் பிடுங்கிப் போட்டது அதை. முட்டையிலிருந்து வந்த முதல் பருவக் குஞ்சுக்கு மட்டும் இது இருக்காது, எறும்பு மாதிரி ஓடும். ஒரு முறை தோலுரித்த பிறகுதான் முள் எழும்பும். “இதைக் குழந்தையாக்கிட்டே” என்றார் பேராசிரியர். அப்புறம் தரையில் மண்டியிட்டு, என் மேசைக்கடியில் அந்த முள்ளைத் தேடினார். அறுபதை நெருங்கும் மனிதர், வேட்டியோடு. கிடைத்தது. அதே அட்டையில் பூச்சிக்குப் பக்கத்தில் ஒட்டி, லேபிளில் தேதி போட்டு ‘முள் முறிந்தது’ என்று எழுதினார். யார் முறித்தது என்று எழுதவில்லை. நானாக இருந்தால் எழுதியிருப்பேன்.

எங்கே விட்டேன்? விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்டீர்கள். பெயர் தப்பினால், பக்கத்து வீட்டுக்காரன் ஜாதகத்தை வைத்து உங்களுக்குப் பலன் பார்த்த கதையாகிவிடும். வாட்டர்ஹவுஸ் என்ற பூச்சியியலாளர் 1886இல் பிராடிக்கும் தேயிவோராவுக்கும் பெயர் வைத்தார். ஆனாலும் அப்புறம் பல காலம் ஜாவாவில் பிராடியைப் பார்த்துவிட்டு ஆன்டோனி என்றே எழுதிவந்தார்கள். 1991இல் ஸ்டோன்டால் என்ற ஆய்வாளர் கீழ்த்திசை (ஆசிய)ச் சிற்றினங்களை எல்லாம் திரும்பப் புரட்டி ஒழுங்கு செய்தார். அதன் பிறகுதான் எந்தக் குறிப்பு எந்தப் பூச்சியுடையது என்று பிரித்துப் படிக்க முடிந்தது. எந்தச் செடியில் முட்டையிடும், எந்த ஒட்டுண்ணிக் குளவி அந்த முட்டைக்குள் முட்டை வைக்கும், எந்த மாதத்தில் பெருகும் என்பதெல்லாம் பெயரின் கீழேதான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு பயனுள்ள காரியமும் சொல்லிவிடுகிறேன். தோப்பில் முசுறு இருக்கிறதா? இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே, கொட்டை பறிக்கிறவர்கள் கழுத்தில் கடிவாங்கிக்கொண்டு வைவார்களே, அந்தச் சிவப்பு எறும்பு. அது குடியிருக்கும் மரத்தில் இந்தப் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஜாவாவின் கோகோ தோட்டங்களில் இதே வேலைக்கென்று ஒரு கறுப்பு எறும்பை நூறு வருடத்துக்கு முன்பே வளர்த்தார்கள். உங்கள் ஊரில் கூட்டோடு கொளுத்துகிறார்கள். நீங்களும் கொளுத்தியிருப்பீர்கள், கடிதத்தின் தோரணையிலேயே தெரிகிறது.

எந்த இனம்? முந்திரியும் வேம்பும் சேர்ந்து அடிபட்டிருப்பதால் ஆன்டோனியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தைப் பார்த்து எழுதித் தர மாட்டேன். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் தோப்புக்குப் போங்கள், அப்போதுதான் தளிரில் உட்கார்ந்து குத்திக்கொண்டிருக்கும். இளந்தண்டைக் கைலென்ஸில் பாருங்கள். பட்டையிலிருந்து இரண்டு வெள்ளை முடிகள், ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும், நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே முட்டை புதைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பூச்சியை ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் பிடித்து, நிழலில் உலர்த்தி, பட்டர் பேப்பரில் தளர்வாக மடித்து அனுப்புங்கள். பூச்சியைப் பிடித்த மரம், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பஞ்சில் மட்டும் பொதியாதீர்கள், குண்டூசி அதில் மாட்டிக்கொண்டு முறிந்துவிடும்.