பள்ளியில் பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்க்கையும் நேராக அமையுமா?

பழைய மாணவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்த கணித மேதை ராமானுஜனையே பாருங்கள். 1904-ல் கணக்குக்காக ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்று தலைமையாசிரியரே மெச்சினார். சரி, அப்புறம்? கல்லூரியில் மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்விலும் தோற்றார். வேலை தேடி அலைந்த அந்த வருடங்களைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918-ல் லண்டனின் புகழ்பெற்ற அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். பரிசுக்கும் இதற்கும் இடையே 14 வருடம்.